ஃபைல் பக்கா... பேஷன்ட் எங்கே?

மருத்துவக் காப்பீட்டுத் தணிக்கையில் மாற வேண்டியது என்ன?

2024 நவம்பர் 10. குஜராத் மாநிலம் மெஹ்சானா மாவட்டம், கடி தாலுகாவில் உள்ள போரிசணா கிராமத்தில் இலவச மருத்துவ முகாம் நடக்கிறது. வந்தவர்களில் 19 பேரை மேல்சிகிச்சைக்கு என்று சொல்லி அகமதாபாத் கியாதி மருத்துவமனைக்கு பஸ்ஸில் அழைத்துப் போகிறார்கள். போனவர்களில் 17 பேருக்கு ஆஞ்சியோகிராம் செய்யப்படுகிறது. அவர்களில் 7 பேருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்படுகிறது. இரண்டு பேர் இறந்துபோகிறார்கள்.

எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சம்மதம் கேட்கவில்லை என்று உறவினர்கள் கொதித்தார்கள். மருத்துவமனை அடித்து நொறுக்கப்பட்டது. அரசு நடத்திய விசாரணை, அந்தச் சிகிச்சைகளுக்குத் தேவையே இருக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. கைதுகள் நடந்தன, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. விசாரணை நீண்டபோது, தகுதியே இல்லாதவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆயுஷ்மான் கார்டு தயாரித்துக் கொடுத்த கும்பலும் சிக்கியது.

அந்த 19 பேரும் கிராமத்து ஜனங்கள். ஸ்டென்ட்டுக்கு யார் பணம் கொடுப்பது? ஆயுஷ்மான் பாரத் திட்டம்தான். அந்தத் திட்டத்தில் ஸ்டென்ட் வைக்க வேண்டுமானால் ஆஞ்சியோகிராம் படங்களை ஏற்ற வேண்டும், கணினி வழியே முன் அனுமதி வாங்க வேண்டும், பிறகு ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கரைக்கூட ஒட்டிக் காட்ட வேண்டும். இத்தனை காவலும் இருந்த வீட்டில்தான் இது நடந்தது.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் ஆயுஷ்மான் பாரத்துக்கும் ஒரே கார்டு என்றாகிவிட்ட தமிழ்நாட்டிலும் இந்தக் கேள்வி நமக்குரியதே. காப்பீட்டுப் பில்களை அரசு எப்படிச் சரிபார்க்கிறது? திருடுகிறவர் ஏன் தப்புகிறார்? ஒழுங்காகச் சிகிச்சை தந்த மருத்துவமனை ஏன் பணத்துக்கு அலைகிறது? இரண்டுக்கும் நடுவில் நோயாளி எப்படி மாட்டிக்கொள்கிறார்?

ஒரு க்ளெய்ம் போகும் பாதை

கார்டோடு ஒருவர் அட்மிட் ஆகிறார். காப்பீட்டு கவுன்ட்டரில் இருப்பவர் கார்டைச் சரிபார்த்து, போட்டோ எடுத்து, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். எந்தப் பேக்கேஜ் என்பதைக் குறிப்பிட்டு முன் அனுமதி கேட்கிறார். மறுமுனையில், காப்பீட்டு நிறுவனத்துக்காக வேலை செய்யும் டிபிஏ எனப்படும் இடைநிலை நிறுவனத்தின் டாக்டர் அதைப் பார்த்து அனுமதி தருகிறார். சிகிச்சை முடிந்ததும் ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் சேர்த்து க்ளெய்ம் போகிறது. பணம் வரலாம். ‘க்வெரி’ என்ற பெயரில் கேள்வி வரலாம். ஒரு பகுதி வெட்டப்படலாம். மொத்தமாகவே நிராகரிக்கப்படலாம். ஆயுஷ்மான் பாரத் விதிப்படி, மாநிலத்துக்குள் நடந்த சிகிச்சைக்கு 15 நாளிலும், வெளிமாநில நோயாளிக்கு என்றால் 30 நாளிலும் பணம் பட்டுவாடா ஆக வேண்டும்.

இதற்கு மேல் தணிக்கை அடுக்குகள். சில க்ளெய்ம்களை மட்டும் மாதிரிக்கு எடுத்துப் பார்க்கும் மருத்துவத் தணிக்கை உண்டு. மரணம் நேர்ந்தால் ஒன்று விடாமல் பார்க்க வேண்டும் என்பது விதி. மருத்துவமனைக்கு நேரில் போய்ப் பார்க்கும் ஆய்வும் உண்டு. டெல்லியில் தேசிய மோசடித் தடுப்புப் பிரிவு இருக்கிறது, மாநிலங்களில் அதன் கிளைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தரும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது சிஏஜி.

கண்களுக்குக் குறைவில்லை. ஆனால், இவற்றில் பெரும்பாலான கண்கள் பார்ப்பது மருத்துவமனை தானே தயாரித்து ஏற்றிய ஆவணங்களை மட்டும்தான்.

■ திட்டம்: ஒரு பார்வை

• 2007: ஆந்திராவில் ராஜசேகர ரெட்டி அரசு தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ, தென்னிந்தியக் காப்பீட்டுத் திட்டங்களுக்கு முன்னோடி.

• 2009 ஜூலை: தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடக்கம்.

• 2012 ஜனவரி: ஜெயலலிதா ஆட்சியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் மூலம் செயல்படுகிறது.

• 2018 செப்டம்பர் 23: ஆயுஷ்மான் பாரத் தொடக்கம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. தமிழ்நாட்டுத் திட்டம் இதனுடன் இணைக்கப்பட்டது.

• 2022 ஜனவரி: தமிழ்நாட்டில் ஐந்தாண்டுப் புதிய ஒப்பந்தம். ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்வு. ஒரு குடும்பத்துக்கு அரசு கட்டும் பிரீமியம் 849 ரூபாய்.

• 2024 அக்டோபர்: 70 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும், வருமானம் பாராமல் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம்.

ஏழரை லட்சம் பேருக்கு ஒரே போன் நம்பர்

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. திட்டம் தொடங்கிய 2018 செப்டம்பரிலிருந்து 2021 மார்ச் வரையிலான காலத்தை அது ஆராய்ந்திருந்தது. 7,49,820 பயனாளிகளின் பெயருக்கு நேரே 9999999999 என்ற ஒரே செல்போன் எண் இருந்தது. இன்னும் 1,39,300 பேருக்கு 8888888888. தமிழ்நாட்டில் 7 ஆதார் எண்களை வைத்து 4,761 பதிவுகள் செய்யப்பட்டிருந்தன.

இன்னொரு பக்கம் அதைவிடத் திடுக்கிட வைத்தது. சிகிச்சையின்போது இறந்துவிட்டதாகப் பதிவான 3,446 நோயாளிகளின் பெயரில், அதன் பிறகும் 3,903 க்ளெய்ம்களுக்கு 6.97 கோடி ரூபாய் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே இன்னொரு சிகிச்சைக்கு அட்மிட் ஆனதாக 48,387 நோயாளிகளின் கணக்கு காட்டியது.

மத்திய அரசு இதற்கு விளக்கம் கொடுத்தது. அதையும் நியாயமாகக் கேட்க வேண்டும். செல்போன் எண்ணை வைத்து யாருக்கும் சிகிச்சை தரப்படுவதில்லை, ஆதார் வழியாகத்தான் சரிபார்க்கிறோம் என்றது. பிறந்த குழந்தைக்குத் தாயின் அடையாளத்திலேயே சிகிச்சை தருவதால் தாயும் சேயும் வேறு வேறு இடத்தில் இருந்தால் ‘ஒரே ஆள் இரண்டு இடத்தில்’ என்று தெரியும் என்றது. அவசர நேரத்தில் முதலில் சிகிச்சை, மூன்று நாளுக்குள் அனுமதிக்கு விண்ணப்பம் என்று விதியே இருப்பதால், இறந்த பிறகு பதிவு ஏறியதுபோலத் தோன்றலாம் என்றும் சொன்னது.

இந்த விளக்கங்களில் உண்மை இருக்கிறது. நல்ல தணிக்கையாளர், தேதி முரண்படும் க்ளெய்மைப் பார்த்ததும் திருட்டு என்று முடிவுகட்ட மாட்டார். விசாரிக்க வேண்டிய ஒன்று என்று எடுத்து வைப்பார். ஆனால் செல்போன் விஷயத்தில் அரசு சொன்ன பதில்தான் சிக்கலின் வேரைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த எண்ணுக்கு வேலையே இல்லை என்றால், ‘உங்களுக்கு உண்மையிலேயே ஆபரேஷன் நடந்ததா, கையிலிருந்து பணம் கட்டினீர்களா’ என்று நோயாளியைக் கேட்கிற வழி என்ன? சிகிச்சை நடந்ததா என்பதற்கு டாக்டரைத் தவிர நேரடி சாட்சி ஒருவர்தான். அவருடைய தொடர்பு எண் பத்து ஒன்பதுகள் என்றால், அந்தச் சாட்சியைத் தணிக்கை முன்கூட்டியே இழந்துவிட்டது.

கம்ப்யூட்டர் பிடிக்கும் திருட்டு, பிடிக்காத திருட்டு

மோசடி ஒரே ரகம் அல்ல. ஆளே வராமல் பில் போடுவது ஒன்று. சாதாரணக் காய்ச்சலுக்குப் படுத்தவரை ஐசியு பேக்கேஜில் காட்டுவது இன்னொன்று. இரண்டையும் ஓரளவுக்குக் கணினி மோப்பம் பிடிக்கும். ஒரே எக்ஸ்ரே படத்தைப் பலருக்கு ஏற்றினால், ஒரே டாக்டர் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் ஆபரேஷன் செய்ததாகக் காட்டினால், படுக்கை எண்ணிக்கையைவிட உள்நோயாளிகள் அதிகம் என்றால், எச்சரிக்கை மணி அடிக்கும்படி செய்யலாம். செயற்கை நுண்ணறிவு கொண்டு அதைத்தான் செய்கிறோம் என்கிறது மத்திய அரசு.

நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்கு இது: 6.66 கோடி க்ளெய்ம்களில், தனியார் மருத்துவமனைகளின் 2.7 லட்சம் க்ளெய்ம்கள் முறையற்றவை என்று கண்டறியப்பட்டன. மதிப்பு 562.4 கோடி ரூபாய். 1,114 மருத்துவமனைகள் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன, 549 மருத்துவமனைகள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன, 1,504 மருத்துவமனைகளுக்கு 122 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஆயிரம் க்ளெய்முக்கு நான்கு. மருத்துவமனைகள் அவ்வளவு யோக்கியமாக இருக்கின்றன என்று மகிழலாம். இல்லை, வலையின் கண் அவ்வளவு பெரிது என்றும் கொள்ளலாம். எது உண்மை என்பதை இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஏனென்றால் மூன்றாவது ரகத் திருட்டு கணினிக்குத் தெரியாது. அதில் நோயாளி நிஜம், டாக்டர் நிஜம், ஆபரேஷன் நிஜம், ரத்தம் நிஜம். தேவை மட்டும் பொய். ஆயுஷ்மான் பாரத்துக்கு முன்பிருந்த ஆர்எஸ்பிஒய் காப்பீட்டுத் திட்டக் காலத்தில், பீகாரிலும் சத்தீஸ்கரிலும் ஏழைப் பெண்களின் கர்ப்பப்பையைக் காரணமின்றி எடுத்தார்கள் என்ற புகார்கள் 2012 வாக்கில் கிளம்பின. வயிற்றுவலி என்று போனவர்கள் கர்ப்பப்பையை இழந்து வந்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை சென்ற பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

இத்தகைய வழக்குகளில் ஃபைல் அநேகமாகப் பழுதில்லாமல் இருக்கும். தெரிந்தே தவறு செய்கிறவர் காகிதத்தில் கோட்டை விட மாட்டார். கையெழுத்து விட்டுப்போவதும், தேதி மாறுவதும், ஸ்கேன் மங்கலாக ஏறுவதும், ஒரே டாக்டரும் நாலு நர்ஸும் ஓடி ஓடிப் பார்க்கும் சின்ன மருத்துவமனையில்தான். காகிதத்தை மட்டும் பார்க்கும் தணிக்கை, தந்திரக்காரரைத் தாண்டிப் போய்த் திணறுகிறவரைப் பிடிக்கிறது.

வெட்டு விழும் பக்கம்

இப்போது கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் போவோம். 2024 செப்டம்பரில் பஞ்சாபின் தனியார் மருத்துவமனைகள் ஆயுஷ்மான் பாரத் சிகிச்சையை நிறுத்தின. தங்களுக்கு 600 கோடி ரூபாய் பாக்கி என்றது அவர்களுடைய சங்கம். அரசு சொன்ன தொகை அதைவிடக் குறைவு. 2025 ஆகஸ்டில் ஹரியானாவின் முறை. 600-க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் ஆயுஷ்மான் நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தின. சுமார் 500 கோடி ரூபாய் நிலுவை என்றது இந்திய மருத்துவச் சங்கத்தின் ஹரியானா கிளை. தாமதம் மட்டும் அவர்கள் புகார் அல்ல. ஒப்புதல் தந்து சிகிச்சை முடிந்த பிறகு காரணம் சொல்லாமல் தொகையைப் பிடிக்கிறார்கள் என்பதும்தான்.

மருத்துவமனைகள் சொல்வதெல்லாம் வேதம் அல்ல. ஆனால் இந்தப் புகாரில் ஒரு நிஜமான கேள்வி இருக்கிறது. முன் அனுமதி கொடுத்தவரும் ஒரு டாக்டர், பிறகு ‘இந்தச் சிகிச்சை தேவையில்லை’ என்று வெட்டுகிறவரும் ஒரு டாக்டர். இருவரில் யார் சரி? வெட்டியவர் பெயர் என்ன, என்ன படித்தவர், எந்த மருத்துவ வழிமுறையை வைத்து முடிவெடுத்தார்? வெட்டுக் கடிதத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால், மேல்முறையீட்டில் எதை மறுத்து வாதாடுவது?

பணம் வராத பெரிய கார்ப்பரேட் மருத்துவமனை, காப்பீட்டு நோயாளிகளின் எண்ணிக்கையைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொள்ளும். சிறுநகரத்து மருத்துவமனைக்கு அந்த வசதி இல்லை. மருந்துக் கடைக்காரரும் ஆக்சிஜன் சப்ளையரும் மாதக் கடைசியில் வாசலில் நிற்பார்கள். கடைசியில் அது திட்டத்தை விட்டு விலகும். அப்போது அந்த வட்டாரத்தில் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போவதைத் தவிர வேறு வழி இருக்காது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளும் இதே வழியில் க்ளெய்ம் செய்து, வரும் பணத்தை வசதிகளுக்கும் ஊழியர் ஊக்கத்தொகைக்கும் பயன்படுத்துகின்றன. அங்கே ஒரு க்ளெய்ம் தவறாக வெட்டப்பட்டால் இழப்பு பொதுமக்களுக்கே.

ஐந்து லட்சம் யாருடையது?

பொய் க்ளெய்மால் அரசுக்குத்தானே நஷ்டம், நமக்கென்ன என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 5 லட்சம் என்பது குடும்பம் முழுவதற்கும் ஒரு வருடத்துக்கான மொத்தத் தொகை. கிராமத்து முகாமில் கைரேகை வைத்துவிட்டு வந்த பெரியவர் பெயரில் யாரோ ஒரு லட்சத்துக்குக் கணக்கெழுதினால், அந்த வருடம் அவர் மகளுக்கு ஆபரேஷன் தேவைப்படும்போது நான்கு லட்சம்தான் இருக்கும். போதாததற்கு, செய்யாத ஆபரேஷன் அவருடைய மருத்துவ வரலாற்றில் ஏறியிருக்கும். நாளை இன்னொரு டாக்டர் அதை நம்பி மருந்து எழுதக்கூடும்.

நியாயமான க்ளெய்ம் தாமதமானாலும் அடி அவருக்கே. ‘அப்ரூவல் வரட்டும், அதுவரைக்கும் அட்வான்ஸ் கட்டிடுங்க’ என்பது கவுன்ட்டர்களில் அடிக்கடி கேட்கிற வாக்கியம். நகை அடகுக்குப் போகும். அப்ரூவல் வந்த பிறகு கட்டிய பணம் திரும்பி வருமா என்பது அவரவர் விதி. சிஏஜி அறிக்கையே இதைப் பதிவு செய்திருக்கிறது. மேகாலயாவில் ஐந்து தனியார் மருத்துவமனைகளில், பணமே வாங்கக் கூடாத நோயாளிகள் 13,418 பேரிடமிருந்து 12.34 கோடி ரூபாய் கூடுதலாக வாங்கப்பட்டிருந்தது. இந்தப் பணம் எந்த க்ளெய்ம் ஃபைலிலும் இருக்காது. நோயாளியிடம் கேட்டால் மட்டுமே தெரியும்.

■ அமெரிக்கா சூடுபட்ட கதை

• முதியோருக்கான மெடிகேர் அரசுக் காப்பீட்டில் தவறாகக் கொடுத்த பணத்தை மீட்க, 2005-ல் கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, நியூயார்க் மாநிலங்களில் சோதனை முயற்சியாக தனியார் தணிக்கை நிறுவனங்கள் இறக்கப்பட்டன. 2010-ல் நாடு முழுக்க விரிந்தது.

• சம்பளம் கமிஷன் அடிப்படையில்: கண்டுபிடித்த தொகையில் 9 முதல் 12.5 சதவீதம்.

• பணம் குவிந்தது. கூடவே மேல்முறையீடுகளும் குவிந்தன. 90 நாளில் தீர்ப்பு வர வேண்டிய மூன்றாம் கட்ட மேல்முறையீட்டில், 2018-ல் 4,26,594 வழக்குகள் தேங்கின. புதிய மனுக்களை நீதிபதிகளுக்கு ஒதுக்குவதையே 2013-ல் நிறுத்திவைக்கும் நிலை வந்திருந்தது.

• உள்நோயாளியாகச் சேர்த்தது அவசியமா என்ற தகராறுகளைத் தீர்க்க, 2014-ல் அரசே க்ளெய்ம் தொகையில் 68 சதவீதம் தருகிறேன் என்று மருத்துவமனைகளிடம் சமரசம் பேசியது.

• அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் தொடுத்த வழக்கில், தேக்கத்தை 2022-க்குள் தீர்க்க நீதிமன்றம் கெடு விதித்தது.

• பிறகு வந்த திருத்தங்கள்: மேல்முறையீட்டின் இரண்டாம் கட்டம் முடியும் வரை தணிக்கை நிறுவனத்துக்குக் கமிஷன் கிடையாது. அதன் முடிவுகள் 95 சதவீதமாவது சரியாக இருக்க வேண்டும். ஒழுங்காகப் பில் போடும் மருத்துவமனையிடம் குறைவான ஃபைல்களே கேட்க வேண்டும்.

வெட்டியதற்கா கூலி?

அமெரிக்க அனுபவம் சொல்வது எளிது. பிடித்த தொகைக்குக் கூலி என்றால், பிடிப்பதற்கு எளிதான தொகையைத்தான் பிடிப்பார்கள். நம் ஊரில் நேரடிக் கமிஷன் இல்லாவிட்டாலும், உள்ளே ஓடும் கணக்கு வேறு அல்ல. காப்பீட்டு நிறுவனம் நடத்தும் முறையில், குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரீமியம் முன்பே நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு கொடுக்காத ஒவ்வொரு ரூபாயும் அதற்கு மிச்சம். க்ளெய்மைப் பார்க்கும் டிபிஏ அந்த நிறுவனத்துக்கே வேலை செய்கிறது. மாநில அரசு தானே அறக்கட்டளை வைத்துப் பணம் தரும் முறையில், கஜானா காலியாகும் மாதத்தில் ‘க்வெரி’கள் பெருகுகின்றன என்பது மருத்துவமனைகளின் நீண்ட நாள் புலம்பல். இரண்டு முறையிலும் தீர்ப்புச் சொல்கிறவரின் மடியிலேயே பணப்பையும் இருக்கிறது.

தென் கொரியா 2000-ல் இதைப் பிரித்தது. பணம் கொடுக்கும் தேசியக் காப்பீட்டு அமைப்பு ஒன்று, க்ளெய்மைச் சரிபார்த்து சிகிச்சையின் தரத்தை அளக்கும் அமைப்பு வேறொன்று. அங்கும் டாக்டர்கள் வெட்டு பற்றிக் குறை சொல்லாமல் இல்லை. ஆனால் வெட்டினால் லாபம் உனக்குத்தானே என்ற சந்தேகத்துக்கு இடம் குறைந்தது.

ஆறு மாற்றங்கள்

முதல் மாற்றம், நோயாளியைச் சாட்சியாக்குவது. முன் அனுமதி கிடைத்தவுடனும் டிஸ்சார்ஜ் ஆனவுடனும், என்ன சிகிச்சை, எவ்வளவு தொகை, இனி மீதி எவ்வளவு என்று தமிழில் ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குக் குரல் அழைப்பு போதும். சரியான செல்போன் எண் இல்லாத க்ளெய்ம், கிராமச் செவிலியரோ சுகாதார ஆய்வாளரோ வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகே முடிக்கப்பட வேண்டும். ‘பணம் கட்டினீர்களா’ என்ற ஒரே கேள்விக்கு வரும் பதிலை மருத்துவமனை வாரியாகத் தொகுத்தாலே, எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, பார்க்கிறவரும் கொடுக்கிறவரும் பிரிய வேண்டும். தணிக்கை செய்யும் டாக்டர்களின் சம்பளம் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தோ டிபிஏவிடமிருந்தோ வரக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் மூத்த பேராசிரியர்களையும் ஓய்வுபெற்ற நிபுணர்களையும் கொண்ட குழு ஒன்றை அமைத்து, மருத்துவமனையின் பெயர் மறைக்கப்பட்ட ஃபைல்களை அதற்குச் சீட்டுக் குலுக்கி அனுப்பலாம். இதய ஃபைலை இதய நிபுணரும், எலும்பு ஃபைலை எலும்பு நிபுணரும் பார்க்கட்டும்.

மூன்றாவது, காரணம் இல்லாமல் வெட்டு இல்லை. எந்த விதி, எந்த ஆவணம், எந்த மருத்துவ வழிமுறை என்று வெட்டுக் கடிதம் சொல்ல வேண்டும். கையெழுத்து விட்டுப்போனதைத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுக்க வேண்டும். எழுத்துப் பிழையையும் மோசடியையும் ஒரே பெயரில் கணக்கெழுதக் கூடாது. கெடு தாண்டினால் வட்டி தானாகவே சேர வேண்டும். மேல்முறையீட்டுக்கும் நாள் குறிக்க வேண்டும். கெடு இல்லாத மேல்முறையீடு என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது.

நான்காவது, ஆபத்துக்கு ஏற்ற தணிக்கை. எல்லா மருத்துவமனைகளையும் ஒரே தராசில் வைத்து ஒரே சதவீதம் பார்ப்பது இரண்டு பக்கமும் நஷ்டம். மூன்று வருடமாகச் சுத்தமாக இருப்பவருக்குக் குறைவான சோதனையும் விரைவான பணமும் கொடுக்கலாம். ஒரே பேக்கேஜைத் திரும்பத் திரும்பப் போடுகிறவர், முகாம் முடிந்த மறுநாளே கூட்டமாக அட்மிஷன் காட்டுகிறவர், இளம் பெண்களுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் அதிகம் செய்கிறவர் ஆகியோரிடம் சொல்லாமல் போய் நிற்க வேண்டும். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே வார்டில் போய்ப் பார்ப்பது, ஆறு மாதம் கழித்து ஃபைலைப் புரட்டுவதைவிடப் பல மடங்கு பயன் தரும். அகமதாபாத் சம்பவத்துக்குப் பிறகு குஜராத் அரசு, இதயச் சிகிச்சைகளுக்கு ஆஞ்சியோகிராம் வீடியோவையே ஏற்ற வேண்டும் என்று விதித்தது. நல்ல தொடக்கம். ஆனால் அந்த வீடியோவை உட்கார்ந்து பார்க்கிற நிபுணருக்கு நேரமும் பொறுப்பும் தந்தால்தான் விதிக்கு உயிர் உண்டு.

ஐந்தாவது, தண்டனைக்குப் பல் வேண்டும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அபராதம் கட்டிவிட்டுப் போவது என்றால் மோசடி ஒரு வியாபாரச் செலவாகிவிடும். அந்த அபராதமாவது வசூலாகிறதா? சிஏஜி பார்த்தபோது ஒன்பது மாநிலங்களில் 100 மருத்துவமனைகளிடமிருந்து 12.32 கோடி ரூபாய் வராமலே கிடந்தது. தேவையில்லாமல் உடலைக் கிழித்தவரின் பெயர் மருத்துவ கவுன்சிலுக்கும் காவல் துறைக்கும் போக வேண்டும். தெரியாமல் தேதியை மாற்றி எழுதிய மருத்துவமனைக்கு அதே தண்டனை கூடாது.

ஆறாவது, எல்லோரும் பார்க்கும்படி வைப்பது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் சட்டமே சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. மேகாலயா 2017-ல் அரசுத் திட்டங்களுக்கான சமூகத் தணிக்கைக்கே தனிச் சட்டம் இயற்றியது. மருத்துவத்தில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. யாருக்கு என்ன நோய் என்பதைக் கிராம சபையில் வாசிக்க முடியாது, வாசிக்கவும் கூடாது. ஆனால் ஒவ்வொரு மருத்துவமனையும் மாதம் எத்தனை ஆபரேஷன் செய்தது, எத்தனை க்ளெய்ம் வெட்டப்பட்டது, மேல்முறையீட்டில் எத்தனை திரும்பக் கிடைத்தது, எத்தனை நோயாளிகள் பணம் வாங்கியதாகப் புகார் சொன்னார்கள் என்பதைப் பெயர் இல்லாத எண்ணாக இணையத்திலும் மருத்துவமனை வாசலிலும் வைப்பதில் யாருடைய ரகசியமும் கெடாது.

■ கார்டு கையில் இருப்பவர்களுக்கு

• இலவச முகாமில் கார்டையோ ஆதாரையோ கொடுக்கும்போது, கைரேகை எதற்கு என்று கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம்.

• உங்கள் சொந்த செல்போன் எண்தான் பதிவில் இருக்கிறதா என்று கவுன்ட்டரில் சரிபாருங்கள்.

• அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால், அரசு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

• டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள்.

• புகாருக்கு: முதல்வர் காப்பீட்டுத் திட்டம் 1800 425 3993, ஆயுஷ்மான் பாரத் 14555. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலான குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்தில் மனு கொடுக்கலாம்.

ஒப்பந்தத்தில் எழுதினால்தான் நடக்கும்

இந்த மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் காப்பீட்டு நிறுவனத்தோடு அரசு போடும் ஒப்பந்தத்தில் சில பக்கங்களைச் சேர்த்தால் போதும். இப்போதைய ஐந்தாண்டு ஒப்பந்தம் 2022 ஜனவரியில் தொடங்கியது. ஒவ்வொரு முறை டெண்டர் வரும்போதும் பிரீமியம் எவ்வளவு, வருமான வரம்பு எவ்வளவு, எத்தனை சிகிச்சைகள் சேர்ந்தன என்பதே செய்தியாகிறது. க்ளெய்மை யார் பார்ப்பார், எதைப் பார்ப்பார், தவறாக வெட்டினால் யார் பொறுப்பு, நோயாளியிடம் யார் கேட்பார் என்பது பின்னிணைப்பில் போய்விடுகிறது.

குடும்பத்துக்கு 849 ரூபாய் வீதம் ஒரு கோடிக்கும் அதிகமான குடும்பங்களுக்குக் கட்டுகிற பிரீமியம், மக்கள் வரிப்பணம். அது ஆயிரம் கோடியைத் தாண்டுகிறது. அந்தப் பணத்துக்கு எத்தனை க்ளெய்ம் வெட்டினோம் என்று கணக்குக் காட்டுவது தணிக்கை ஆகாது. சிகிச்சை தேவைப்பட்டவருக்கு அது கிடைத்ததா, தேவைப்படாதவர் தப்பித்தாரா, வைத்தியம் பார்த்தவருக்கு உரிய நாளில் பணம் போனதா? அடுத்த ஒப்பந்தத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்கு மதிப்பெண் போடும்போது, அரசு இந்த மூன்று கேள்விகளுக்கும் சேர்த்தே மதிப்பெண் போட வேண்டும். அந்த மதிப்பெண்ணைச் சட்டமன்றத்தில் வைக்கவும் வேண்டும்.